வலையைச் சுருட்டு, வளர்ச்சி வருகிறது

ராக்கெட் விடும் நாள் நெருங்கினால் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு முதலில் வந்து சேர்வது ராக்கெட் சத்தமல்ல, தடைச் செய்தி. கடலுக்குப் போகாதே. படகைக் கரையேற்று. அன்றைய அடுப்பு எப்படி எரியும் என்று ஒரு வரி அந்தச் செய்தியில் இருக்காது. விண்ணைப் பார்த்து வேலை செய்கிறவர்கள், பாவம், குனிந்து பார்க்க முடியுமா?

ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே போனால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கிருந்து ஏதாவது ஒன்று வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35-க்குச் சந்திரயான்-3 போனது. அதற்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் இருந்தது, பலர் கவனிக்கவில்லை. நிலவில் இறங்கிய விக்ரமும் பிரக்யானும் சூரியப் பலகையை நம்பிப் போனவை. அவற்றைச் சுமந்துபோன உந்துகலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்துகொடுத்த இரண்டு கதிரியக்க வெப்ப அலகுகள், ஒவ்வொன்றும் ஒரு வாட். நிலவில் பொழுது சாய்ந்தது, விக்ரம் தூங்கியது. மறுபடி விடிந்தது, விக்ரம் எழுந்திருக்கவில்லை. 'சூரியனை நம்பினால் இதுதான் கதி' என்று அணுக் கட்சிக்கு ஒரு வாதம் கிடைத்தது. 'கொடுத்த வேலை 14 நாள், முடித்துவிட்டுத்தானே தூங்கியது' என்று சூரியக் கட்சிக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயவே ஆதித்யா-எல்1 கிளம்பியது. ஆக அணுவா ஆதவனா என்ற வழக்கு இந்த ஏரியின் தலைக்கு மேலேயே நிலா வரைக்கும் போய் வந்துவிட்டது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணை மட்டும் யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

சரி, கீழே இறங்குவோம். சென்னையில் நீடித்த எரிசக்தி பற்றிக் கருத்தரங்கு என்றால் அது நட்சத்திர ஓட்டலில்தான் நடக்கும். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே சால்வை போர்த்திக்கொள்ளும் குளிர். மேடையின் இடப்பக்கம் அணு, வலப்பக்கம் சூரியன். அணுக்காரர் சொல்வார்: கரியமில வாயு இல்லை, இரவு பகல் பார்க்காது, கொஞ்ச இடம் போதும். சூரியக்காரர் சொல்வார்: விலை விழுந்துகொண்டே இருக்கிறது, வெடிக்காது, எட்டு மாதத்தில் கட்டிவிடலாம். இருவருக்கும் கை தட்டல். அந்தக் கூடத்தைக் குளிரவைக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுவும் தரவில்லை, சூரியனும் தரவில்லை. நிலக்கரி தருகிறது. ஏரிக்குத் தெற்கே, எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரம், வடசென்னை அனல்மின் நிலையம் நிற்கிறது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். அவற்றின் சாம்பல் எத்தனை தடவை குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கொட்டியது என்று எண்ணூர் மீனவர்களைக் கேளுங்கள், நாள் நட்சத்திரத்தோடு சொல்வார்கள். நண்டு பிடித்த இடத்தில் இன்று கால் வைத்தால் முழங்கால் வரை சாம்பல் சேறு. மேடையில் இருக்கும் இரண்டு யோக்கியர்களும் யார் செலவில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த நண்டின் செலவில்.

கணக்கு கேட்கிறவர்களுக்குக் கணக்கும் உண்டு. காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு 2014-இல் தந்த நடுமதிப்பின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயுவுக்குப் பொறுப்பு, பெரிய சூரியப் பூங்கா 48, அணு 12. நிலக்கரிக்கு முன்னால் இருவருமே உத்தமர்கள். இதை மறுக்கிறவன் நானில்லை. ஆனால் அந்தக் கிராம் தராசில் கரை ஏறாது, ஊர் ஏறாது, போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் வழக்குக் கட்டு ஏறாது. அவற்றுக்குத் தனித் தராசு வேண்டும். அந்தத் தராசை யாரும் கருத்தரங்குக்குக் கொண்டுவருவதில்லை. ஓட்டல் கம்பளம் அழுக்காகிவிடும்.

முதலில் அணுவை ஏற்றுவோம். நாட்டில் ஆற்றங்கரை உலைகளும் உண்டு. நம் மாநிலத்துக்கு வாய்த்த இரண்டு இடமும் மீனவர் கரை: கல்பாக்கம், கூடங்குளம். குளிர்விக்கக் கடல் வேண்டும் என்பது காரணம். கடல் வேண்டும், சரி. கடலோரம் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்களே என்றால், அவர்களுக்குப் பட்டா இருக்கிறதா என்று கேள்வி வரும். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் ஒரு காலத்தில் டச்சுக்காரன் கோட்டை கட்டினான். அவனும் கரையிலிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்ததாகத் தகவல் இல்லை. பழவேற்காட்டில் அவன் வெடிமருந்து தயாரித்தான். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நாம் அணுவைப் பிளக்கிறோம். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கத்துக்கும் வந்தது. கடல்நீர் இறைக்கும் கூடத்தில் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. புதிய ஈனுலைக்கு வெட்டியிருந்த பள்ளத்தில் கடல் நிரம்பியது. உலைக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். உண்மைதான், உலைக்கு ஆபத்தில்லை. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, பக்கத்துக் குப்பங்களில் போயின. நம் ஊரில் பாதுகாப்பு அறிக்கை எப்போதும் இயந்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

அந்த ஈனுலையின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம். 500 மெகாவாட். 2004-இல் கட்டத் தொடங்கினார்கள். 2010-இல் மின்சாரம் என்றார்கள். முதல் மதிப்பீடு 3,492 கோடி ரூபாய், பிறகு 5,677 கோடி. 2024 மார்ச்சில் பிரதமர் நேரில் வந்து எரிபொருள் ஏற்றும் பணியைத் தொடங்கிவைத்தார். தொடங்கிவைத்தார் என்றால் கைதட்டல் தொடங்கியது என்று பொருள். மின்சாரம் வேறு இலாகா. பக்கத்தில் 220 மெகாவாட்டின் முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது, வருடக்கணக்கில் நின்றே கிடந்தது. சூரியன் இரவில் வேலை செய்வதில்லை என்று எள்ளி நகையாடுகிறவர்கள் இந்த உலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். இது பாரபட்சம் பார்க்கவில்லை, பகலிலும் வேலை செய்யவில்லை.

கூடங்குளத்தின் கதை தெரிந்ததுதான், ஆனாலும் மறக்கவிடக் கூடாது. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்ட நாடே மூன்று வருடத்தில் காணாமல் போனது. ஒப்பந்தம் காணாமல் போகவில்லை. 2002-இல் கட்டுமானம், 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைப்பு. நடுவில் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா. ஜப்பான்காரன் தொலைக்காட்சியில் அழுததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இடிந்தகரைப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் அவர்களுக்குத் தந்த பதில் அணு இயற்பியல் அல்ல, இந்திய தண்டனைச் சட்டம். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு. மீன் விற்கப் போன அம்மா, பேத்தியைப் பள்ளியில் விடப் போன பாட்டி, எல்லாரும் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தவர்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப்புகை, மணப்பாட்டில் துப்பாக்கிச்சூடு, ஒரு மீனவர் செத்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மின்வெட்டு தலைவிரித்தாடியது நினைவிருக்கும். 'இருட்டில் கிடக்கிறாயே, யாரால் தெரியுமா? இடிந்தகரையால்' என்று கோயம்புத்தூர்க்காரனுக்குச் சொல்லப்பட்டது. விசிறி சுற்றாத கோபத்தை எல்லாம் ஒரு மீனவக் கிராமத்தின் மேல் திருப்பிவிட்ட சாமர்த்தியத்துக்கு ஒரு விருதே கொடுத்திருக்கலாம்.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை ஓட்டலாம் என்றது, கூடவே 15 கட்டளைகள் போட்டது. தீர்ந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்க ஐந்தாண்டுக்குள் ஏற்பாடு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐந்தாண்டு முடிந்தது, இன்னும் அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. மின்கட்டணம் கட்ட ஐந்து நாள் தாமதமானால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் போகும் நாட்டில், ஆயிரக்கணக்கான ஆண்டு விஷத்தைப் பத்திரப்படுத்த மட்டும் தாராளமாகக் கால அவகாசம் உண்டு. 2019 அக்டோபரில் இன்னொரு கூத்து. கூடங்குளத்தின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்படிப்பட்ட தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாள், ஆமாம், நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினியில் புகுந்தது, உலை பக்கம் போகவில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. 'வாய்ப்பே இல்லை' என்பதன் ஆயுள் இருபத்து நாலு மணி நேரம். யுரேனியத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவு.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுருக்கினால் 'சாந்தி' என்று வரும்படி பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சாந்தி என்றதும் எந்த நாளில் செய்வது நினைவுக்கு வரும் என்று டெல்லியில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 1962-இன் அணுசக்திச் சட்டமும் 2010-இன் இழப்பீட்டுச் சட்டமும் போயின. உலை நடத்தும் வேலை தனியாருக்கும் திறக்கப்பட்டது. 2010 சட்டத்தில் ஒரே ஒரு பல் இருந்தது: விற்ற கருவி பழுதென்றால் விற்றவனிடமும் நடத்துநர் பணம் கேட்கலாம். போபாலில் 1984-இல் செத்தவர்களின் நினைவு அந்தப் பல். அதைப் பிடுங்கிவிட்டார்கள், மயக்க மருந்துகூடக் கொடுக்காமல்.

பொறுப்புக்கும் விலை எழுதியாகிவிட்டது. மிகப் பெரிய உலையில் விபத்து நடந்தாலும் நடத்துநர் தர வேண்டியது அதிகபட்சம் 3,000 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. ஃபுகுஷிமாவுக்கு ஜப்பான் அரசு 2016-இல் போட்ட செலவு மதிப்பீடு 21.5 லட்சம் கோடி யென். அது பணக்கார நாடு, அழுவதற்கும் அதிகம் செலவழிக்கும் என்று விட்டுவிடுவோம். நம் கணக்கைப் போடுவோம். சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்து ஒரு கோடிக்கு மேல் தலை. 3,000 கோடியைப் பங்கு வைத்தால் தலைக்கு மூவாயிரம் ரூபாய்கூடத் தேறாது. அந்தக் காசுக்கு நல்ல நண்டு வலை ஒன்று உருப்படியாக வராது. அதற்கு மேல் தேவைப்பட்டால் அரசு கொஞ்சம் தரும். அரசு என்றால் யார், நம் வரிப்பணம். செத்தவன் வீட்டுக்குச் செத்தவனே மொய் எழுதும் திட்டம் இது.

இத்தனைக்கும் மின்சாரம் எவ்வளவு? நாட்டின் மொத்த மின்சாரத்தில் அணுவின் பங்கு மூன்று சதவீத அளவில் பல காலமாக நிற்கிறது. 2047-க்குள் நூறு கிகாவாட் அணு என்று 2025 பட்ஜெட்டில் முழங்கினார்கள். அந்தப் பட்ஜெட்டுக்கு முந்தின நாள், ஜனவரி 31 அன்று, நாட்டின் சூரிய மின்திறன் அதே நூறு கிகாவாட்டைத் தாண்டியிருந்தது. அணுக்காரர் இங்கே எழுந்து நிற்பார்: 'அய்யா, உங்கள் நூறும் எங்கள் நூறும் ஒன்றல்ல. நாங்கள் ஒரு மெகாவாட்டில் தருவதை நீங்கள் நாலு மெகாவாட் வைத்தால்தான் தர முடியும்.' ஏறக்குறையச் சரி. மேகம், இரவு, தூசி எல்லாம் போகச் சூரியப் பலகை தன் பெயர்ப் பலகையில் எழுதியதில் ஐந்தில் ஒரு பங்கு தந்தால் பெரிது. அதனால்தான் பேட்டரி வேண்டும், நீரேற்று நிலையம் வேண்டும், காற்றாலையோடு கூட்டு வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மடங்கு பலகை வைக்கும் வேகத்தில் இவர்கள் ஒரு உலையைக் கட்டி முடித்ததில்லை. எதிர்காலத்தில் வரும் நூறைவிட இன்றைக்கு வந்த இருபது பெரிது என்று மளிகைக் கடைக்காரருக்கே தெரியும்.

ஆகவே சூரியனே வெல்க என்று எழுதி முடித்துவிடலாம். எழுத விட மாட்டார்கள். சூரியனுக்கும் வேலி போட்டாகிவிட்டது.

கமுதிக்குப் போங்கள். ராமநாதபுரத்தின் வானம் பார்த்த பூமி. 2,500 ஏக்கரில் 648 மெகாவாட், அதானி குழுமம் 2016-இல் எட்டே மாதத்தில் கட்டி முடித்தது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம் என்று அன்றைக்குப் பெருமை. யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று தமிழ்நாடு வாங்க ஒப்பந்தம், 25 ஆண்டுக்கு. அதற்குப் பிறகு சந்தையில் சூரிய மின்சாரம் பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. வெயில் மலிந்தது, ஒப்பந்தம் மலியவில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு விந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? ஆடு மேய்ந்தால் அது தரிசு. முள் வெட்டிக் கரி மூட்டம் போட்டால் அது புறம்போக்கு. அதே மண்ணில் பலகை நட்டால் அது பூங்கா. பூங்கா என்றால் மரம் இருக்கும், குழந்தை விளையாடும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள், காவலாளி விரட்டுவான்.

2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு குற்றப்பத்திரிகை வந்தது. சூரிய மின்சாரத்தை மாநில மின்வாரியங்கள் வாங்க வைப்பதற்காக இந்திய அதிகாரிகளுக்குச் சுமார் 26.5 கோடி டாலர் லஞ்சம் தருவதாக வாக்களிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. மாநிலங்களின் பட்டியலில் ஆந்திராவும் இருந்தது, தமிழ்நாடும் இருந்தது. அதாவது பழவேற்காடு ஏரியின் இரண்டு கரையும். அதானி குழுமம் மறுத்தது. தமிழ்நாட்டு அரசும், எங்களுக்கும் அவர்களுக்கும் நேரடி வியாபாரமே கிடையாது என்றது. உண்மை என்ன என்பது வழக்காடுகிறவர்கள் பாடு. நமக்குப் புரிவது இவ்வளவுதான்: சூரியன் ஒரு காசு கேட்பதில்லை. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் வரிசைதான் நீளம்.

அதே குழுமம் 2018-இல் எல் அண்ட் டி-யிடமிருந்து வாங்கியதுதான் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஏரியின் தெற்குவாசலில் உட்கார்ந்திருக்கிறது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். கடலில் மண் கொட்டினால் வடக்கே கரை அரிக்கும், முகத்துவாரம் தூரும், ஏரி மூச்சுமுட்டும் என்று குப்பங்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன. கமுதியில் பசுமை, காட்டுப்பள்ளியில் கான்கிரீட், இரண்டும் ஒரே கையொப்பம். பசுமையின் ஆண்டறிக்கையில் காட்டுப்பள்ளி படம் போடுவதில்லை. நல்ல வீட்டில் பின்கட்டைக் காட்ட மாட்டார்களே.

சூரியக் குப்பையும் சும்மா இல்லை. 2022-இன் மின்கழிவு விதிகள் என்ன சொல்கின்றன? பழைய பலகைகளை 2034-35 வரை சேர்த்து வைத்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்வோம். அணுக்காரர் ஆயிரம் ஆண்டுக்குத் தள்ளுகிறார், இவர் பத்தாண்டுக்குத் தள்ளுகிறார். அளவில்தான் வித்தியாசம், பழக்கத்தில் இல்லை.

கேரளத்தில் காயங்குளம் காயல்மேல் 92 மெகாவாட் மிதக்கும் பலகைகள் 2022-இலேயே வந்துவிட்டன. நிலம் எடுக்கத் தேவையில்லை, தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது என்பது வாதம். பழவேற்காடு ஏரியும் வரைபடத்தில் சும்மாதான் கிடக்கிறது, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. நீல நிறத்தில் பெரிய வெற்றிடம். யாருக்காவது அந்த யோசனை இன்னும் வரவில்லை என்றால் இதைப் படித்து வந்துவிடக் கூடாதே என்று எனக்கே பயமாக இருக்கிறது. அந்த நீலத்துக்குள் பாடு இருக்கிறது. எந்த ஊர் எந்தத் துறையில் எந்த நாள் வலை கட்டலாம், அந்த ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு எப்போது முறை, எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டு வகுத்தது. மீன் பாடும் துறை ஒருவனுக்கே நிலைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். பங்கீட்டைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் பாட்டுக்குச் சர்வே எண் கிடையாது, பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத உரிமை பலகை வரும் வரைக்கும்தான். அதோடு தமிழ்நாட்டு வலை, ஆந்திர வலை என்று ஏரிக்குள்ளேயே எல்லைச் சண்டை வேறு. தண்ணீரில் கோடு போட்டவன் கரையில் ஏசியில் இருக்கிறான். தண்ணீரில் நிற்கிறவன் மண்டை உடைகிறது.

'அதுதான் வீட்டுக் கூரைக்கே சூரியனைக் கொண்டுவந்துவிட்டோமே' என்பார்கள். ஆம், 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம். 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடு, மாதம் 300 யூனிட் வரை இலவசம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஏட்டில் நல்ல திட்டம். இதை நம் ஏரிக்கரை நொச்சிக்குப்பத்துக்கு எடுத்துப் போங்கள். முதல் நிபந்தனை, பலகையைத் தாங்கும் கூரை. இங்கே கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, ஆள் ஏறினாலே விரியும். இரண்டாவது, வீடு உன் பெயரில் இருக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை, புறம்போக்கு, சரணாலயம் என்று நாலு துறை நாலு கோடு போட்ட இடத்தில் யார் பெயரில் எது இருக்கிறது என்று தாசில்தாருக்கே ஐயம். மூன்றாவது, முதலில் கைப்பணம் போடு அல்லது கடன் வாங்கு, மானியம் பிறகு கணக்கில் ஏறும். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதவனுக்கு எந்த வங்கி கடன் தரும்? எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இலவசம். ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு, ஒரு டிவி உள்ள வீட்டுக்கு அதுவே போதும். 300 யூனிட் இலவசம் யாருக்குத் தேவை? மூன்று ஏசி உள்ளவனுக்கு. திட்டத்தின் பேச்சில் ஏழை இருக்கிறான், பயனாளிப் பட்டியலில் மாடி வீடு இருக்கிறது.

குப்பத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டால் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். ஐஸ். விடியற்காலை ஏலம் விடும் இடத்தில் பாருங்கள். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து நொறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மடவை, மறுபடி ஐஸ் என்று கை மரத்துப்போகும்வரை அடுக்கும் பெண்கள். டேப்லெட் வைத்துக்கொண்டு யாராவது ஒரு தம்பி அங்கே போய் 'நீடித்த எரிசக்தி பற்றி உங்கள் கருத்து?' என்றால் பதில் இப்படித்தான் வரும்: 'எங்கேர்ந்து வந்தா இன்னா தம்பி, வந்தா சரி. கரண்ட்டு பூட்டா ஐஸ் கம்பெனில கட்டி வராது, வந்தாலும் டபுள் ரேட்டு. மீனு கண்ணு வெளுத்துச்சுன்னா யாவாரி பாதி வெல கேப்பான். நீ எந்தப் பக்கம் எழுதிக்கிறியோ எழுதிக்க, கொஞ்சம் தள்ளி நில்லு, பெட்டி எடுக்கணும்.' சூரியனால் ஐஸ் செய்ய முடியும். பகலில் வெயில் காயும் ஊரில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் தளத்தில் பலகை போட்டு, ஒரு குளிர்ப்பதன அறையை ஊர்ப் பெண்கள் பெயரில் எழுதித் தருவது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ராக்கெட் விஞ்ஞானம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஏராளமாக இருக்கிறது, அதுதான் சங்கடம். இதற்குப் பதிலாகக் கரையோரம் எங்கு போனாலும் கண்ணில் படுவது சோலார் தெருவிளக்கு. திறப்பு விழாவன்று எரிந்தது. பேட்டரி செத்து, அல்லது காணாமல் போய், இப்போது வலை காயப்போட உதவுகிறது. கல்வெட்டில் எம்.எல்.ஏ. பெயர் மட்டும் இருட்டிலும் தெரிகிறது, எழுத்து அவ்வளவு பெரிது.

சூரியனிடம் இருந்த ஒரே அதிசயக் குணம், அதை யாரும் தன் கூரையில் பிடித்துக்கொள்ளலாம் என்பது. அணுவுக்கு அந்தக் குணம் கனவிலும் வராது. அதற்கு வேலி வேண்டும், துப்பாக்கி வேண்டும், ரகசியச் சட்டம் வேண்டும். அதனால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் சந்தேகமில்லாமல் வெயில் பக்கம். ஆத்திரம் எதில் என்றால், அந்த வெயிலையும் அணு உலை போலவே நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்களே, அதில்தான்.

ஒரு யோசனை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்து வருவது சிறிய உலைகளாம். 2025 பட்ஜெட்டில் 20,000 கோடி, 2033-க்குள் குறைந்தது ஐந்து ஓட வேண்டும். சின்னது, பாதுகாப்பானது, மின்சாரம் தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்கிறார்கள். நல்லது. தேவைப்படும் இடத்துக்கே வைப்போம். பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரைக்கும் கண்ணாடிக் கட்டடங்கள், தரவு மையங்கள், முப்பது மாடிக் குடியிருப்புகள், அத்தனைக்கும் கரண்ட் பசி. தண்ணீருக்கும் கவலையில்லை, பக்கிங்ஹாம் கால்வாய் பழவேற்காட்டு வழியாக வந்து அவர்கள் பால்கனிக்குக் கீழேதான் போகிறது. முறைப்படி அறிவிப்பும் தயார் செய்துவிடலாம்:

சாலையின் இருபுறமும் வசிப்போர் கவனத்திற்கு. தங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது; நாலாயிரம் பக்கம், நகல் எடுக்க அனுமதியில்லை. தங்கள் அடுக்குமாடி வருவாய்க் கணக்கில் தரிசு என்று இருப்பதால் இழப்பீடு குறித்த கேள்விகளைத் தவிர்க்கவும். சோதனை ஓட்ட நாட்களில் கார்களை வெளியே எடுக்க வேண்டாம், வேலைக்குப் போக வேண்டாம். அந்த நாட்களின் சம்பளம் பற்றி இத்துறைக்குத் தகவல் இல்லை. உலை அமைந்தபின் குடும்பத்துக்கு ஒருவருக்கு ஒப்பந்த அடிப்படையில் தோட்டவேலை பரிசீலிக்கப்படும். எதிர்ப்புத் தெரிவிப்போர் எந்த வெளிநாட்டிலிருந்து பணம் பெற்றார்கள் என்பதை வங்கிக் கணக்கு நகலுடன் எழுத்து மூலம் தர வேண்டும். கூட்டம் எந்த நேரத்திலும் தள்ளிவைக்கப்படலாம், காரணம் தெரிவிக்கப்படாது. பூமி பூஜை மட்டும் குறித்த நாளில் நடக்கும்.